மாசி வீதியில் ஏன் சித்திரைத் தேர்? மதுரை பற்றி வாசகர் கேள்விகள்

மதுரையின் தெருக்களைப் பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி குப்பை, சாக்கடை, தெருவிளக்கு பற்றியவை. அவற்றை உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். இந்த ஊர் எப்படி இப்படி ஆனது என்று கேட்டவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நான் நகரமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டவுன் சர்வே தாளை விரித்து வைத்து, இந்த ஊரின் சந்துபொந்துகளைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு வரைந்தே என் உத்தியோகம் போனது.

சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது என்று என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை ஐயா.
*ஆசிரியை, திருநகர்*

அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் டீச்சர். மதுரையின் நகரமைப்பு முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

கோயில் மதிலுக்குள் ஆடி வீதி. மதிலை ஒட்டி வெளியே சித்திரை வீதி. அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதையும் சுற்றி மாசி வீதி, கடைசிச் சுற்று வெளி வீதி. சுவாமி எந்த மாதத் திருவிழாவுக்கு எந்தச் சுற்றில் வலம் வந்தாரோ அந்த மாதத்தின் பெயரே தெருவுக்கு நின்றது. மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் ஒரு காலத்தில் மாசி மாதத்தில்தான் நடந்தன. அதனால் தேர் ஓடும் பெரிய சுற்று மாசி வீதி ஆனது.

அப்புறம் திருமலை நாயக்கர் வந்தார். 1623 முதல் 1659 வரை ஆண்டவர். அழகர் மலையிலிருந்து கள்ளழகர் சித்திரை மாதத்தில் இறங்கி தேனூர்ப் பக்கம் வைகைக்குப் போய்வருவது தனி விழாவாக இருந்தது. நாயக்கர் மீனாட்சியின் விழாவைச் சித்திரைக்கு மாற்றி, அழகரையும் மதுரை வைகைக்கு வரவைத்து, இரண்டையும் ஒன்றாக்கினார். மாசியில் அறுப்பு வேலை இருக்கும், அத்தனை பெரிய தேரை இழுக்க ஆள் கிடைக்காது, சித்திரையில் கிராமத்து ஜனம் கை ஓய்ந்திருக்கும் என்று காரணம் சொல்வார்கள். அது நடைமுறைக் காரணம். சைவத்தையும் வைணவத்தையும், ஊருக்குள் இருக்கிற செட்டியையும் நெசவாளியையும், மலையடிவாரத்துக் குடியானவனையும் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் சேர்த்தது அரசியல் காரணம். விழா மாறினாலும் தேர் ஓடும் பாதையை மட்டும் மாற்ற முடியவில்லை. அந்தத் தேருக்கு அகலம் உள்ள சுற்று மாசி வீதி ஒன்றுதான். அதனால்தான் சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுகிறது.

நகரமைப்பு என்றால் சாலை போடுவது, மனை பிரிப்பது என்றுதான் எங்கள் அலுவலகத்திலும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு திருவிழாவின் தேதியை மாற்றி, ஒரு ஊருக்கு எத்தனை லட்சம் ஜனம் எந்தத் திசையிலிருந்து எப்போது வரும் என்பதைத் தீர்மானித்தாரே, அதைவிடப் பெரிய நகரமைப்பு இந்த ஊரில் நடக்கவில்லை. இன்றைக்கும் அழகர் வருகிற பாதையில், மூன்றுமாவடியிலிருந்து தல்லாகுளம் வழியாக ஆற்றுக்கு வரும் சாலையில் எந்த வேலை எடுத்தாலும், சித்திரைக்கு முன்னால் முடியுமா என்று முதலில் கேட்பார்கள்.

பிள்ளைகளைத் தேரன்று கீழமாசி வீதியில் தேர் நிலைகொள்ளும் தேர்முட்டிக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள். மாசி வீதி மூலை எதிலாவது நிற்கச் சொல்லுங்கள். தேர் நேரே வந்து நிற்கும். முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்குக் கீழே குனிந்து கட்டையைச் செருகி, கையை எடுத்துக்கொண்டு விலகுவார். வடம் ஒரு இழுப்பு, தேர் ஒரு சாண் திரும்பும். மறுபடி கட்டை, மறுபடி இழுப்பு. தெரு மூலைக்கு ஏன் அகலம் வேண்டும் என்று புத்தகம் இல்லாமலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

எங்கள் ஊர்க் கோட்டையை ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் இடித்தார். அவர் நினைவாக விளக்குத்தூண் வைத்திருக்கிறோம். இது அடிமைப் புத்தி இல்லையா?
*கல்லூரி மாணவர், செல்லூர்*

தம்பி, கோபம் நியாயமானது. அவர் என்ன செய்தார் என்பதை முழுசாகப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

அந்தக் கோட்டை 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் கட்டியது. இரட்டை மதில், சுற்றிலும் அகழி, 72 கொத்தளங்கள். கொத்தளம் ஒவ்வொன்றையும் காப்பது ஒரு பாளையக்காரரின் பொறுப்பு. நாட்டுப்புறத்தில் பலம் யாரிடம் இருந்ததோ அவர்களைத் தலைநகரின் சுவரோடு சேர்த்துக் கட்டிய ஏற்பாடு அது. 1801இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தபோது அந்த ஏற்பாடு செத்துவிட்டது. மதில் மட்டும் நின்றது. அகழியில் தண்ணீர் தேங்கி நாறியது. உள்ளே ஜனம் நெருக்கியடித்துக் கிடந்தது, காய்ச்சல் வந்தால் தெருத் தெருவாகப் பரவியது.

ஜான் பிளாக்பர்ன் 1834 முதல் 1847 வரை மதுரைக் கலெக்டர். கோட்டையை இடிக்க அவர் பிடித்த வழியைத்தான் கவனிக்க வேண்டும். மதிலும் அகழியும் இருந்த நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தார். உன் துண்டில் இருக்கிற மதிலை இடி, அந்த மண்ணைக் கொண்டே அகழியைத் தூர்த்துச் சமன் செய், இடத்தை நீ எடுத்துக்கொள் என்கிற மாதிரி ஏற்பாடு. ஊர்க்காரர்கள் கடப்பாரையோடு இறங்கினார்கள். அப்படிச் சமன் செய்த நிலத்தில்தான் வெளி வீதிகளும், மாரட் வீதிகளும், பெருமாள் மேஸ்திரி வீதிகளும் எழுந்தன. மாரட் என்பவர் நிலம் அளந்த சர்வேயர். பெருமாள், ஆட்களை வைத்து வேலை வாங்கிய மேஸ்திரி.

ஒரு மேஸ்திரியின் பெயர் இந்த ஊரின் நான்கு பக்கத்து வீதிக்கும் நிற்கிறது என்பதை நான் அலுவலகத்தில் சேர்ந்த புதிதில்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு முழுக்க அந்த வீதியின் பெயரை வரைபடத்தில் எழுதும்போது எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்தது. அமைச்சர் பெயரில் தெரு உண்டு, தலைவர் பெயரில் தெரு உண்டு. வெயிலில் நின்று வேலை வாங்கிய மனிதரின் பெயர் ஒரு நகரத்தின் நடுவில் நிற்பது அபூர்வம்.

மதுரைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிது இல்லை என்பது என் எண்ணம். பிட்டுக்கு மண் சுமந்த கதையை நினைத்துப் பாருங்கள். வைகை உடைத்துக்கொண்டு வருகிறது. பாண்டியன் என்ன செய்தான்? வீட்டுக்கு ஒரு பங்கு கரை என்று அளந்து கொடுத்தான். பிட்டு விற்கிற வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு. ஆள் இல்லாத கிழவிக்குப் பதிலாகத்தான் சொக்கநாதரே கூலியாளாக வந்தார். ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்பில் இன்றைக்கும் அதை நடத்திக் காட்டுகிறோம். ஊர் வேலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் பங்கு உண்டு என்பது இந்த ஊரின் பழைய சட்டம். பிளாக்பர்னுக்கு அந்தக் கதை தெரியுமோ தெரியாதோ, அவர் செய்ததும் பங்கு பிரித்ததுதான். அதனால்தான் அந்த வேலை முடிந்தது. அந்த வீதிகள் இன்று வரை கடையும் குடியுமாக நிற்கின்றன.

அவர் செய்ததெல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். கோட்டை நின்றால் கிளர்ச்சிக்காரனுக்கு உதவும் என்கிற கணக்கும் ஒரு அந்நிய ஆட்சியாளனுக்கு இருந்திருக்கும். ஒரு பக்க மதிலையாவது விட்டிருக்க வேண்டும். பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் மேலவாசலில் நிற்கிற கல் கட்டடம்தான் மிச்சம். கீழவாசல், தெற்குவாசல் எல்லாம் பெயரில் மட்டும் வாசல்கள். ஆனால் விளக்குத்தூண் கலெக்டர் தனக்குத் தானே வைத்துக்கொண்டது இல்லை, ஊரார் வைத்தது. துணிக்கடைக் கூட்டத்துக்கு நடுவே அந்தத் தூணைப் பார்க்கும்போது, மனையைப் பெற்ற ஜனம் சொன்ன நன்றியாக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வைகையின் வடகரையில் அகலச் சாலை, மரம், ஆபீஸ், ஆஸ்பத்திரி. எங்கள் முனிச்சாலைப் பக்கம் ஆட்டோ எதிரே வந்தால் சைக்கிள் ஒதுங்க இடமில்லை. ஒரே ஊரில் ஏன் இந்த வித்தியாசம்?
*வாசகி, முனிச்சாலை*

அம்மா, தென்கரை ஜனங்கள் நெருக்கிக் கட்டிக்கொண்ட ஊர். வடகரை அரசாங்கம் தனக்காகக் கட்டிக்கொண்ட ஊர்.

வெள்ளைக்காரர்கள் கோயிலைச் சுற்றிய நெரிசலை விட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் தல்லாகுளத்தில் குடியேறினார்கள். 1889இல் ஆல்பர்ட் விக்டர் பாலம், நாம் சொல்லும் ஏ.வி. பாலம், இரண்டு கரையையும் இணைத்தது. 1875இல் ரயில் வந்தது மேற்குப் பக்கம். மில்கள் அந்தத் தண்டவாளத்தை ஒட்டி வந்தன. உழைக்கிற ஜனம் மேற்கிலும் தெற்கிலும், உத்தரவு போடுகிற ஜனம் வடக்கிலும் என்று அப்போதே பிரிந்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு அதை மாற்றியிருக்கலாம். நாம் மாற்றவில்லை. வீட்டுவசதி வாரியத்தின் அண்ணா நகர், கே.கே. நகர் வடகரையில். 1981 ஜனவரியில் ஐந்தாவது உலகத் தமிழ் மாநாடு தமுக்கம் மைதானத்தைச் சுற்றி வடகரையில். அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., மதுரை மேற்குத் தொகுதியின் எம்.எல்.ஏ.வும் அவர்தான். மாநாடு என்றதும் சாலை, விளக்கு, சிலை எல்லாம் மளமளவென்று வந்தன. ஊரே ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு வெள்ளையடித்த மாதிரி இருந்தது. பிறகு மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையம், 2004இல் உயர் நீதிமன்றக் கிளை, 2010இல் சென்ட்ரல் மார்க்கெட் மாட்டுத்தாவணிக்குப் போனது, 2023இல் நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், அதே சாலையில் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பறக்கும் பாலம். எல்லாம் ஒரே கரை.

ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டால் அங்கேதான் நிலம் இருந்தது என்பார்கள். உண்மைதான். ஆனால் நிலம் அவனியாபுரத்திலும் வில்லாபுரத்திலும் இருந்தது. பெரிய கட்டடம் எந்தக் கரையில் வருகிறது என்பதைத் தேர்தல் மேடையில் ஒருவரும் கேட்பதில்லை. உங்கள் பகுதிக்காரர்கள் இனிமேல் கேளுங்கள்.

ஸ்மார்ட் சிட்டி வேலை நடந்தபோது, எங்கள் கடை வாசலில் என்ன வரப்போகிறது என்று எனக்கும் தெரியவில்லை, பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியவில்லை. யாரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும்?
*மளிகை வியாபாரி, மாசி வீதி*

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தைத்தான் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தேன்.

தேதிகளைப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்கு மதுரை தேர்வானது 2016 செப்டம்பரில். மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் முடிந்தது 2016 அக்டோபரில். அடுத்த மன்றத்துக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. பெரியார் பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டியது, பழைய சென்ட்ரல் மார்க்கெட் இடத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம், மாசி வீதிகளின் தரை, வைகையின் இரண்டு கரைச் சாலை, குன்னத்தூர் சத்திரம் எல்லாம் முடிவானதும் ஒப்பந்தம் போனதும் அந்த இடைவெளியில். திட்டத்தின் விதிப்படி இதற்கென்று தனி நிறுவனம் ஒன்று இருந்தது. ஐந்து வருஷத்தில் மத்திய அரசு 500 கோடி வரை தரும், அதே அளவு மாநிலத்தின் பங்கு என்பது ஏற்பாடு. பணம் அந்த நிறுவனத்தின் கையில் இருந்தது. நீங்கள் ஓட்டுப் போட்ட ஒருவர் எழுந்து நின்று, எங்கள் வீதியில் இது வேண்டாம், அது வேண்டும் என்று பேசுவதற்கு ஒரு மன்றமே கூடவில்லை.

இது மதுரைக்குப் புதிதும் இல்லை. 1866இல் நகராட்சி. 1971இல் மாநகராட்சி, சென்னைக்கு அடுத்து இரண்டாவது. முதல் மேயர் மதுரை முத்து. அதற்குப் பிறகு மன்றம் இல்லாமல் அதிகாரிகளே நடத்திய காலம் நீளமானது. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் வந்து, 1996இல்தான் ஒழுங்காகத் தேர்தல் வந்தது. அந்தத் திருத்தம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை தேர்தல் என்று எழுதியே வைத்திருக்கிறது. எழுதியிருந்தும் ஊருக்குப் பெரிய பணம் வந்த நேரத்தில் மன்றம் இல்லை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

நல்லது நடக்கவில்லையா என்றால், நடந்தது. புதுமண்டபத்துக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதை நான் ஆதரிக்கிறேன். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் தூண்களைத் துணிமூட்டைக்கும் தையல் மிஷினுக்கும் பின்னால் ஒளித்து வைத்திருந்தோம். 2018 பிப்ரவரியில் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபம் எரிந்ததைக் கண்ணால் பார்த்த ஊர், கல் மண்டபத்துக்குள் கடை வேண்டும் என்று கேட்கக் கூடாது. ஆனால் அந்தத் தையல்காரர்களுக்குச் சாமிக்குத் துணி எடுக்க வருகிற கூட்டம்தான் பிழைப்பு. கிழக்குக் கோபுரத்து எதிரே இருந்தவர்களைத் தள்ளி வைத்தால் வியாபாரம் என்ன ஆகும் என்பதை அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

வாசல் விஷயத்துக்கு வருகிறேன். மாசி வீதியிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் பழைய வீடுகளைப் பாருங்கள். திண்ணைக்கு ஏற மூன்று படிக்கல் இருந்திருக்கும். இப்போது அதில் இரண்டு தெருவுக்குள் புதைந்துவிட்டது. சில வீடுகளில் மூன்றும் போய், தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டியிருக்கிறது. நிலைப்படியில் அரையடிக்குச் சிமென்ட் கட்டு கட்டி மழைத்தண்ணியைத் தடுக்கிறார்கள். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார், அதன் மேல் கான்கிரீட், அதன் மேல் கல் என்று போட்டுக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத் தளம் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரின் உத்தரவே வந்தது. உங்கள் வீதியில் அடுத்த முறை ரோலர் வந்து நின்றால், சாலை மட்டம் இப்போது என்ன, போட்ட பிறகு என்ன என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை.

நூறு வருஷத்துக்கு முன்னால் பேட்ரிக் கெடிஸ் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1914, 1915 வாக்கில் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். பழைய ஊரின் குறுக்கே நேராக அகலச் சாலையை வெட்டாதே, ஒவ்வொரு சந்தாக நடந்து பார், இடிக்க வேண்டியதை மட்டும் இடி, கிணற்றையும் மரத்தையும் கோயிலையும் காப்பாற்று என்பது அவர் வாதம். 1920இல் மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டத்தை வைத்துக்கொண்டோம். நடந்து பார்க்கச் சொன்னதைத்தான் விட்டுவிட்டோம்.

கோயிலுக்குப் பக்கத்தில் சொந்த வீடு. மகனுக்குக் கல்யாணம், மேலே இரண்டு தளம் எடுக்க ஆசை. ஒன்பது மீட்டருக்கு மேல் கூடாது என்கிறார்கள். உண்மையா?
*வாசகர், ஆவணி மூல வீதிப் பக்கம்*

உண்மை. மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டடம் ஒன்பது மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. தரைத்தளத்துக்கு மேல் இரண்டு தளம் வந்தாலே கிட்டத்தட்ட முடிந்துவிடும். பக்கத்தில் உயரமாக ஒரு லாட்ஜ் நிற்கிறதே என்று கேட்பீர்கள். அவர் மீறினார் என்பதற்காக நீங்களும் மீறினால் நாளைக்கு நோட்டீஸ் உங்கள் வாசலில்தான் ஒட்டப்படும்.

இந்த விதி இருக்க வேண்டும். ஊரின் எந்த மூலையிலிருந்து பார்த்தாலும் நான்கு கோபுரமும் தெரிய வேண்டும். அதே சமயம், ஊருக்கே சொந்தமான அந்தக் காட்சிக்காக உங்களைப் போன்ற சில ஆயிரம் குடும்பங்கள் மட்டும் இழப்பைத் தாங்குவது நியாயமில்லை. சொத்து வரியிலாவது அரசு ஒரு சலுகை தர வேண்டும். கட்ட முடியாத தளத்துக்கான உரிமையை வேறிடத்தில் விற்றுக்கொள்ளும் வசதியை இங்கே ஒழுங்காகக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

மழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். இது புதுக் குடியிருப்பு, பட்டா எல்லாம் சுத்தம். ஏன் இப்படி?
*வாசகி, வடகரை*

பட்டா சுத்தமாக இருக்கலாம் தாயி. தண்ணீர் பட்டாவைப் பார்த்து வராது.

உங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். தல்லாகுளம், பீபிகுளம், சொக்கிகுளம், ஆத்திகுளம், உலகனேரி. இத்தனை குளமும் ஏரியும் சும்மா வந்த பெயர் இல்லை. மேட்டிலிருந்து ஒரு கண்மாய் நிறைந்து, மிஞ்சிய தண்ணீர் மறுகாலாகப் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போய், கடைசியில் வைகையில் விழும். அந்த வரிசையில் ஒன்றைத் தூர்த்து ஆபீஸ் கட்டினோம், ஒன்றில் மனை போட்டோம். போட்டவர்களில் தனியாரைவிட அரசு முன்னால் நின்றது என்பதை அந்த வரைபடங்களை வரைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர் கண்மாய்த் தண்ணீர் தெருக்களுக்குள் வந்ததை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் கண்மாயிலிருந்து வைகைக்குச் சிமென்ட் கால்வாய் கட்டப் பணம் வந்தது.

தென்கரையில் கிருதுமால் நதிக்கும் இதே கதிதான். நாகமலைப் பக்கமிருந்து ஊருக்குள் வந்த ஆறு. இன்றைக்குப் பாலத்தில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு, சாக்கடை என்கிறோம்.

உங்கள் தெருவின் பழைய கிராமப் புல வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். வாய்க்கால் என்று கோடு இருந்து, அந்தக் கோட்டின் மேல் இன்று சுவர் இருந்தால், மனு எழுத உங்களுக்கு அதைவிடப் பலமான ஆதாரம் வேண்டாம்.

மெட்ரோ வருமா, வராதா?
*வாசகர், ஒத்தக்கடை*

திருமங்கலத்திலிருந்து உங்கள் ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டர், நகரின் நடுவில் பூமிக்கு அடியில் என்று திட்டம் போட்டார்கள். 2017ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கையில் உள்ள, நகரத்தில் குறைந்தது 20 லட்சம் மக்கள் வேண்டும் என்ற கணக்கைக் காட்டி, 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. கையில் இருப்பது 2011 கணக்கெடுப்பு. அதன்படி மதுரையும் அதை ஒட்டிய நகர்ப் பகுதிகளும் சேர்த்து சுமார் 14.6 லட்சம்தான். அதற்குப் பிறகு ஊர் எவ்வளவோ விரிந்துவிட்டது. அந்த 2011இலேயே மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டாகி, பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆனது. ஆனையூரும் அவனியாபுரமும் திருப்பரங்குன்றமும் மாநகராட்சிக்குள் வந்தன. வார்டு எண் வந்தது, டவுன் பஸ் அதே அளவுக்கு வரவில்லை.

மெட்ரோவுக்காக அரசியல்வாதிகள் சண்டை போடட்டும். அதற்காகக் காத்திருக்காமல், புதிதாகச் சேர்ந்த வார்டுகளுக்கு இரவு பத்து மணி வரை பஸ் விடச் சொல்லிக் கேளுங்கள். அதற்குச் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை.

முழுமைத் திட்டம், மாஸ்டர் பிளான் என்கிறார்களே, அதை எங்களைப் போன்றவர்கள் பார்க்க முடியுமா? கருத்துச் சொல்ல முடியுமா?
*ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, ஹார்விபட்டி*

முடியும் ஐயா. ஊரில் எந்த நிலம் எதற்கு என்று வகுக்கிற திட்டம்தான் அது. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவுத் திட்டத்தை ஜனங்கள் பார்க்க வைத்து, ஆட்சேபணை கேட்டு, அதற்குப் பிறகுதான் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். பத்திரிகையில் அறிவிப்பு வரும். சின்ன எழுத்தில் வரும், தேடிப் பார்க்க வேண்டும்.

ஆட்சேபணை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எங்கள் பகுதி புறக்கணிக்கப்படுகிறது என்று பொதுவாக எழுதிவிடுவார்கள். அதை வைத்து ஒரு வரைவாளரால் ஒன்றும் செய்ய முடியாது. சர்வே எண்ணைப் போடுங்கள். வரைவில் அந்த எண்ணுக்கு என்ன உபயோகம் என்று காட்டியிருக்கிறார்கள், தரையில் இப்போது என்ன இருக்கிறது, உங்களுக்கு என்ன வேண்டும் என்று மூன்று வரி. பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்து. கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு. நான் வேலை பார்த்த மேசைக்கு அப்படி வந்த மனுக்களை எளிதில் ஒதுக்க முடிந்ததில்லை. எண் இருந்தால் தாளை விரித்துப் பார்த்தே ஆக வேண்டும்.

2022இலிருந்து வார்டு குழு, பகுதி சபை என்ற ஏற்பாடும் நகரங்களுக்கு வந்திருக்கிறது. நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று கூட்டம் நடத்துகிறார்கள். கிராம சபைக்குப் போகிற மாதிரி அதற்கும் போங்கள். உங்கள் ஹார்விபட்டி மில் தொழிலாளர்களுக்கென்று திட்டமிட்டு உருவான குடியிருப்பு. எந்தத் தெரு எந்த அகலம், மைதானம் எது என்று உங்கள் தலைமுறைக்கு மனப்பாடம். அதை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.